உயிரோடிருப்பவளின் பெயருக்கு முன்னால்

யூசுப், உனக்கு ஸலாம். நலம் விசாரிப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் என் மேஜைமேல் கிடக்கிறது. செல்வத்தின் அச்சகத்துக்கு நேற்றுக் காலை நானே போய் வாங்கி வந்தேன். முப்பது வருஷம் செய்தி எழுதியவன், மகன் கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்கக் கூடாது என்று கிளம்பிப் போனேன். செல்வம் புரூஃபைக் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். "பாய், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றான். "மைமூன் அக்கா எப்ப மவுத்தானாங்க? திங்கக்கெழமதான எங்க வூட்டம்மாவுக்கு ஜாக்கெட் தச்சுக் குடுத்தாங்க. கை டைட்டா கீதுன்னு திருப்பி எடுத்துனு வரலாம்னு இருந்துச்சு." அப்புறம்தான் புரூஃபை நீட்டினான். உறவினர் வரிசையில், என் பெயருக்குக் கீழே, 'மர்ஹூமா மைமூன்' என்று இருந்தது. இறந்துபோன பெண்ணின் பெயருக்கு முன்னால் மட்டுமே நாம் போடுகிற சொல் அது. என் தங்கை, உன் மாமி, அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து யாருக்கோ பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள்.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பத்திரிகைக்காரனின் புத்தி அப்படித்தான் போகும். கையெழுத்துப் பிரதியைக் கேட்டேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாசகம் எழுதிக் கொடுத்திருந்த உன் வருங்கால மாமனார் காதர் பாயின் எழுத்து, குண்டு குண்டாக, தெளிவாக இருந்தது. உடனே உனக்குப் போன் செய்தேன். நீ மறுக்கவில்லை. "அவங்க ஊர்ல யாரோ உங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டுன்னு சொல்லிட்டாங்க அத்தா. அவரு கேட்டாரு. மவுத்தாயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். பேரை எழுதச் சொல்லி நான் கேக்கல, பெரியவங்க பேரை விட்டுடக் கூடாதுன்னு அவரே சேத்துட்டாரு" என்றாய். பிறகு, ஆபீசில் பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள்போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கல்யாணம் முடியிற வரைக்கும்தான். அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்" என்றாய். அப்புறம் எப்படிடா சொல்வாய்? கபரிலிருந்து எழுந்து வந்தாள் என்றா? நான் கத்தினேன், நீ போனை வைத்தாய். போனில் கத்தியதை நிதானமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நிதானம் வருமா என்று தெரியவில்லை.

பெண் வீட்டார் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்த அன்றே நான் உன்னைத் தடுத்திருக்க வேண்டும். "மாமி கூட்டம் தாங்க மாட்டாங்க, டென்ஷனாயிடுவாங்க" என்று அக்கறையாகச் சொல்லி, தெருமுனை ஆட்டோக்காரரைப் பிடித்து, பறவை பார்த்துவிட்டு வரட்டும் என்று அவளை வேடந்தாங்கலுக்கு அனுப்பி வைத்தாய். உன் அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவள் சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தாள். "கூழைக்கடான்னு ஒண்ணு கீதுண்ணே, வாய்க்குக் கீழ பையத் தொங்க விட்டுகினு. நம்ம ரேஷன் கடைக்காரர் மாதிரியே" என்று சிரித்தாள். புர்காவைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அடுத்த தபா அவங்க வரப்ப என்னை எங்க அனுப்பப் போறீங்க? முட்டுக்காட்டு ஏரில போட் வுடறாங்களாமே, அங்கயா?" அவளுக்குப் புரியாது என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு நோய் வந்தது. அறிவு ஒரு நாளும் போகவில்லை.

உனக்கு அவளைத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வயதில் உன்னைத் தண்டவாளம் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனவள் அவள். கொளவாய் ஏரிக்கரையில் நீ செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதபோது, தன் செருப்பை உன் காலில் மாட்டிவிட்டு வெயிலில் வெறுங்காலோடு வீடுவரை நடந்தவள். அதன் பிறகுதான் அவளைக் கடப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தோம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. ஒரு மாதம் கழித்து, குழந்தை கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. கடற்கரையில் ஒரு தர்காவில் நாற்பது நாள் தங்க வைத்தோம். எண்ணெய் ஓதிக் கொடுத்தார்கள், அவளும் தினம் குடித்தாள். நாற்பதாம் நாள் கடலுக்குள் நேராக நடந்து போனாள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்ததால் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நான் போனேன். கோர்ட் செய்தி எழுதுகிறவன் கோர்ட்டுக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு ரிசப்ஷன் ஆர்டர் என்று பெயர். கல்யாணத்துக்கும் ரிசப்ஷன், இதற்கும் ரிசப்ஷன். செங்கல்பட்டு கோர்ட்டில் எனக்கு எல்லாரையும் பழக்கம் என்பதால் உத்தரவு சீக்கிரம் கைக்கு வந்தது. வாடகைக் காரில் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயரை நம் பக்கத்தில் வசவாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் அதை இங்கே எழுத மாட்டேன். வெள்ளைக்காரன் காலத்து மதில், உள்ளே பெரிய பெரிய மரங்கள், ஓடு போட்ட கட்டடங்கள். சேர்க்கை மேஜையில் ஒரு குமாஸ்தா பெயர், வயது, மதம் கேட்டு எழுதினார். பிறகு விலாசம் கேட்டார். "சரியாச் சொல்லுங்க சார், குணமானா கார்டு போடுவோம்" என்றார்.

கார்டு என்றால் தபால் கார்டு. மூடி ஒட்டாத, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய கார்டு. மேலே ஆஸ்பத்திரி முத்திரை. 'தங்கள் நோயாளி குணமடைந்துள்ளார், வந்து அழைத்துச் செல்லவும்' என்று இருக்கும். நம் தெரு தபால்காரர் கார்டுகளைப் படித்துவிட்டு டீக்கடையில் உரக்கச் சொல்கிறவர். அந்த ஒரு நொடியில் நான் எதை நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன்னைத்தான் நினைத்தேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வீட்டில் ஒரு மென்டல் கேஸ் இருக்கிறது என்று நாளைக்குப் பேசுவார்கள், என் மகனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். செங்கல்பட்டில் இல்லாத ஒரு தெருப் பெயரையும் இல்லாத ஒரு கதவு எண்ணையும் சொன்னேன். என் பெயருக்கு முன்னால் இனிஷியலைக்கூட மாற்றிச் சொன்னேன். அடுத்தவன் செய்தியில் ஒரு இனிஷியல் தவறினால் மறுநாளே திருத்தம் போட வைத்த மனிதன் நான். மைமூன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அது இல்லண்ணே நம்ம வூடு" என்றாள். குமாஸ்தா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டினேன், இவள் நிலைமை இப்படித்தான் என்கிற மாதிரி. அவர் நான் சொன்னதையே எழுதி முடித்தார்.

முதல் வருஷம் நாலு தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்திருந்தாள். நாலாவது தடவை, "எப்ப இட்டுகினு போவ?" என்று கேட்டாள். அடுத்த மாசம் என்றேன். அடுத்த மாசம் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. மாமி வெளியூரில் ஒரு ஹாஸ்டலில் தையல் டீச்சராக இருக்கிறாள் என்று உனக்குச் சொன்னேன். நீ பெருநாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதிக் கொடுத்தாய். அதைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக் கிழித்தேன். பொய்யை உனக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான், இதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்வாய் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து என் பத்திரிகை ஆசிரியர் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு தொடர் எழுதச் சொன்னார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். போனேன். யார்மேலோ இருக்கிற வழக்கைப் பார்க்கப் போகிறவன் மாதிரி நோட்டுப் புத்தகத்தோடு போனேன். ஒரு காலத்தில் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே பலகை இருந்ததையும், மதில் உயரமாக இருந்தது நோயாளிகளுக்காக அல்ல, வெளியே இருக்கிறவர்களின் நிம்மதிக்காக என்பதையும் எழுதினேன். பூட்டிய அறைகள் குறைந்து திறந்த வார்டுகள் வந்த கதையை எழுதினேன். விடியற்காலையிலேயே புறநோயாளி வரிசையில் வந்து நிற்கும் தகப்பன்களைப் பற்றி, ஒரு பைசா வாங்காமல் மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் ஜன்னலைப் பற்றி, அத்தனை பேருக்கு அத்தனை குறைவான டாக்டர்கள் இருப்பதைப் பற்றி எழுதினேன். நோயாளிகளே ரொட்டி சுடும் கூடமும், தறி போடும் கூடமும், பச்சை நிற உடுப்புகளைத் தைக்கும் கூடமும் இருந்தன. பெண்கள் பகுதியைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம், அவர்களுடைய கண்ணியத்தை மதிக்கிறேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தையும் தொடரில் சேர்த்தேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

கோமதி என்று ஒரு சமூகப் பணியாளர் அங்கே இருந்தார். கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசும் பெண். ஓர் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். திரும்பி வந்த கார்டுகள், சணல் கயிறு போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன. 'அப்படி ஒரு தெரு இல்லை', 'விலாசதாரர் இல்லை' என்று தபால்காரர்கள் பென்சிலில் எழுதியிருந்தார்கள். "குணமாகி வருஷக் கணக்காச்சு சார். இவங்க வெளியே போகணும்னா சொந்தக்காரங்க ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். நோயைச் சரி பண்ணிட்டோம். வீட்டை எங்கேருந்து சார் கொண்டு வர்றது?" என்றார். நான் சில கட்டுகளை எடுத்துப் புரட்டினேன். 'ம' என்று எழுதிய கட்டை மட்டும் தொடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, பொய் விலாசம் கொடுக்கும் உறவினர்கள்மேல் வழக்குப் போட வேண்டும் என்று எழுதினேன். என் எழுத்தில் அவ்வளவு சூடு அதற்கு முன்னால் வந்ததில்லை என்று ஆசிரியர் சொன்னார்.

அடுத்த வருஷம் அந்த ஆஸ்பத்திரி ஒரு வேனை அனுப்பியது. கார்டு போட்டுப் பயனில்லை என்று, குணமானவர்களையே வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போய் வீடு தேடும் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். நீ அப்போது பொத்தேரியில் ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் நின்றது. கோமதி இறங்கினார், பின்னால் மைமூன் இறங்கினாள். முடி நரைத்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. கோமதி என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சார், நீங்களா? நல்லதாப் போச்சு. இந்த ஊர்ல உங்களைத்தான் தெரியும், நீங்கதான் உதவி பண்ணணும். ஃபைல்ல இருக்கிற தெருவே இங்கே இல்லைங்கறாங்க. இவங்கதான் ஜன்னல் வழியா கையைக் காட்டி, ரயில்வே கேட்டைத் தாண்டுங்க, லெஃப்ட்ல திரும்புங்கன்னு இங்கே கொண்டுவந்து நிறுத்தினாங்க. எட்டு வருஷமா இதே வழியைத்தான் சொல்லிட்டு இருந்தாங்களாம், நாங்கதான் ஃபைலைப் பார்த்துட்டு நம்பலை" என்றார். மைமூன் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சு எத்தினி வருஷம் ஆச்சு?" என்று கேட்டாள்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். வேறு வீடாக இருக்கும் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். கை ஈரமாக இருந்தது, அதை வேட்டியில் துடைக்கிற நேரம் யோசித்தேன். கோமதி என் முகத்தைப் பார்த்தார், பிறகு மைமூன் முகத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவர் என்னை சார் என்று கூப்பிடவில்லை. பேனாவை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து. இந்தத் தடவை சரியான இனிஷியல்" என்றார். யூசுப், எட்டு வருஷம் உண்மையைச் சொன்னவள் நோயாளி. பொய் சொன்னவன் நிருபர். எல்லாரும் நிருபரை நம்பினார்கள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதுதான், அது என்மேல். நேற்றிலிருந்து அதில் பாதியை உன்மேல் வைக்கிறேன்.

ஏனென்றால் உன் பொய் என்னுடையதைவிடப் பெரியது. நான் அவளுக்கு இல்லாத விலாசத்தைக் கொடுத்தேன். நீ அவளே இல்லை என்றாய். நான் செய்த காலத்தில் எனக்குப் பயம் தவிர எதுவும் தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும். மாதம் ஒரு தடவை அவள் தானே பஸ் ஏறி செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவது தெரியும். சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து, ஒரு மாத்திரை குறைந்தால் ஜன்னலிலேயே சண்டை போடுவாள் என்பது தெரியும். நம் தெருவில் பாதிப் பெண்கள் அவள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டிருப்பது தெரியும். நீ இன்ஜினீயர். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து தப்பினால் எல்லாம் நின்றுவிடும் என்று எனக்குப் பாடம் எடுப்பவன். ஒரு மனுஷியையே அழித்துவிட்டு, கல்யாணம் நிற்காமல் நடக்கும் என்று நம்பினாய்.

போனை நீ வைத்த பிறகு நான் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். காதர் பாய் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பொய் விலாசம், எட்டு வருஷம், வேன், நீ சொன்னது, எதையும் விடவில்லை. அவர் அளவுகோலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க தங்கச்சிக்கு வைத்தியம் நடக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன் பாய். வேணாம்னுகூடச் சொல்லியிருப்பேன். மறைக்கல, எனக்கும் ஒரு பொண்ணுதான்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "ஆனா உசுரோட கீறவங்களுக்கு என் கையால மர்ஹூமான்னு எழுத வச்சுட்டானே உங்க பையன். நேத்து இஷா தொழுதுட்டு அவங்க மக்ஃபிரத்துக்கு, அவங்க பாவத்தை அல்லா மன்னிக்கணும்னு, துஆ வேற செஞ்சேன். இதுக்கு நான் எங்க போய் மாப்பு கேக்கறது?" கடைப் பையன்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. உன்மேல் எனக்கு இருப்பதும் அதேதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மைமூனிடமும் சொன்னேன். இனி அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்கக் கூடாது என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. "நாப்பதாம் நாளு ஃபாத்திஹா ஓதுனீங்களா? நெய்ச்சோறு போட்டீங்களா? எனக்கு ஒரு தட்டு வைக்கலயே" என்றாள். நான் சிரிக்கவில்லை. ஒரு தையல் முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "நான் எதுல செத்தேன்னு சொன்னானாம்?" என்று கேட்டாள். மாரடைப்பு என்று நீ சொன்னதாகக் காதர் பாய் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "நல்ல சாவுதான். பைத்தியம் புடிச்சு செத்தான்னு சொல்லாம வுட்டானே" என்றாள். அதன் பிறகு மிஷின் ஓடவில்லை. உன் அம்மா டீ கொண்டுபோய் வைத்தாள், அது ஆறிப்போனது.

காதர் பாய் இன்று காலை போன் செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரும் அவர் மனைவியும் பெண்ணும் வருகிறார்கள். முதலில் மைமூனிடம் மாப்பு கேட்க வேண்டுமாம், கல்யாணத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாமாம். என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வேண்டாம் என்றால் அது அவர்கள் உரிமை, நான் வாதாட மாட்டேன். செல்வத்திடம் அச்சடிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ வியாழக்கிழமையே கிளம்பி வந்துவிடு. லீவு இல்லை என்று சொல்லாதே. வந்ததும் நேராக அவளிடம் போ, என்னிடம் வராதே. நீ என்ன சொல்வாய், அவள் என்ன சொல்வாள் என்று நான் கேட்கப் போவதில்லை. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்கள் வந்து உட்கார்ந்ததும், அவள் கூடத்துக்கு வருவாள். வந்தவர்கள் எழுந்து நிற்பார்கள், யாராவது ஒருவர் இவர் யார் என்று சொல்லியாக வேண்டும். உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், நாங்கள் இரண்டு பேரும் பேச மாட்டோம். "இவங்க என் மாமி" என்று நீதான் சொல்ல வேண்டும்.